படம் பிடிச்சாச்சு, இனி வெட்டுவோம்: விளம்பரக் காணொலியை எடிட்டிங்கில் சரிசெய்வது

பள்ளி விடுமுறை வருது என்றாலே நம்ம குழுக்களில் காணொலி வேலை ஆரம்பமாகிடும். முகாம், இரத்ததான நிகழ்ச்சி, பொங்கல் விழா, பல்கலைக்கழகப் புதுமுக மாணவர் சந்திப்பு, எதுவாக இருந்தாலும் ஒரு நிமிடக் காணொலி ஒன்று வேணும். ஐந்து பேர் ஐந்து கைப்பேசியில் எடுப்பாங்க. எல்லாம் ஒரே ஒருத்தருடைய மடிக்கணினியில் வந்து குவியும். அந்த ஒருத்தர் பெரும்பாலும் பொறியியல் மாணவராக இருப்பார். "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே" என்பாங்க. நான் படிக்கிறது இயந்திரப் பொறியியல் என்று எத்தனை தடவை சொன்னாலும் காதில் விழாது.

இந்தக் கட்டுரை அந்த ஒருத்தருக்காக. கேமரா வாங்குவது, படம் எடுப்பது பற்றி இதில் அதிகம் பேசப்போறதில்லை. கையில் இருக்கிற கிளிப்புகளை வைத்து எடிட்டிங் கட்டத்தில் என்ன செய்தால் காணொலி தேறும் என்பதுதான் பேச்சு. கைப்பேசியில் கேப்கட், கணினியில் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, இந்த இரண்டில் ஒன்று போதும். செயலி எது என்பதைவிட எந்த வரிசையில் வேலை செய்றீங்க என்பதுதான் முக்கியம்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்குவோம். படிவம் 4, 5 மாணவர்களுக்கு மூன்று நாள் தங்கும் முகாம். போன முகாமில் எடுத்த கிளிப்புகள் இருக்கு. இந்த முகாமுக்கு ஆள் சேர்க்கணும்.

யார் பார்க்கப்போறாங்க?

முகாமுக்கு வரப்போறது மாணவர். ஆனால் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடப்போறது அம்மாவோ அப்பாவோ. இந்த இரண்டு பேர் மனசிலும் இருக்கிற கேள்விகள் ஒன்றல்ல. மாணவர் கேட்கிறது: போர் அடிக்குமா? முழுக்க உரைதானா? என் வயசில் யாராவது வர்றாங்களா? அம்மா கேட்கிறது: பொண்ணுங்களுக்குத் தனி இடம் இருக்கா? யார் பொறுப்பு? சாப்பாடு எப்படி? எத்தனை மணிக்குத் திரும்பி வருவாங்க?

இரண்டு பேருக்கும் ஒரே காணொலியில் பதில் சொல்லப் போனால் மூன்று நிமிடம் ஆகும். கடைசியில் யாரும் முழுசாகப் பார்க்கமாட்டாங்க. என் கருத்து, ஒரே கிளிப்புகளை வைத்து இரண்டு காணொலி செய்யலாம். படவரிக்கு 30 வினாடி, நிமிர்ந்த அளவில், மாணவருக்காக. புலனத்தில் பெற்றோருக்கு அனுப்ப 75 வினாடி, கொஞ்சம் நிதானமாக, ஏற்பாட்டாளர் அக்கா ஒருவர் நேராகப் பேசுவது போல. டைம்லைனை ஒருமுறை கட்டிட்டால் இரண்டாவதைப் பிரதி எடுத்துத் திருத்துவது ஒரு மணி நேர வேலைதான்.

எடிட்டிங் ஆரம்பிக்கும் முன் ஒரு தாளில் ஒரே வரி எழுதி மடிக்கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்க: "இதைப் பார்த்த பிறகு யார் என்ன செய்யணும்?" 'படிவம் 4 மாணவர் ஒருவர் தன் அம்மாகிட்ட இந்தக் காணொலியைக் காட்டணும்', இது நல்ல வரி. 'நம் இயக்கத்தின் பணிகளை அனைவரும் அறிந்துகொள்ளணும்', இதை வைத்து ஒரு கிளிப்பைக்கூட நீக்க முடியாது. எல்லாமே பணிதானே!

கிளிப்புகளைச் சேர்க்கும்போது

முதல் வேண்டுகோள். கிளிப்புகளைப் புலனத்தில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதீங்க. அது காணொலியைச் சுருக்கிடும். சுருங்கினது திரும்ப வராது. கேபிள் போட்டு எடுங்க, அல்லது கூகுள் டிரைவில் ஏற்றச் சொல்லுங்க. வேறு வழியே இல்லை என்றால் புலனத்தில் 'ஆவணம்' என்ற வழியாக அனுப்பினால் அசல் அப்படியே வரும்.

அப்புறம் எல்லாவற்றையும் ஒருதடவை முழுசாகப் பாருங்க. வெட்டாதீங்க, வெறுமனே பாருங்க. பார்க்கும்போது உங்களுக்கு எங்கே சிரிப்பு வந்தது, எங்கே கண் நின்றது என்று நேரத்தோடு குறிச்சு வையுங்க. இந்த முதல் பார்வை ஒரே ஒருதடவைதான் கிடைக்கும். பத்தாவது தடவை பார்க்கும்போது எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும், அப்போ இந்தக் குறிப்புதான் உங்களைக் காப்பாற்றும்.

கைப்பேசிக் கிளிப்புகளில் ஒரு மறைவான தொல்லை உண்டு. பல கைப்பேசிகள் வினாடிக்கு இத்தனை ஃபிரேம் என்று ஒரே சீராக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். தனி மைக்கில் பதிந்த ஒலியோடு சேர்க்கும்போது ஆரம்பத்தில் உதடும் பேச்சும் ஒத்துப்போகும், நான்காவது நிமிடத்தில் விலகி நிற்கும். இலவசமாகக் கிடைக்கிற ஹேண்ட்பிரேக் மென்பொருளில் போட்டு நிலையான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிய பிறகு டைம்லைனுக்குக் கொண்டு வந்தால் இந்தத் தொல்லை இருக்காது.

காதுக்கு முதல் மரியாதை

படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்குவாங்க. பேச்சு புரியலைன்னா உடனே தள்ளிட்டுப் போயிடுவாங்க. அதனால் நான் எப்பவும் ஒலியைத்தான் முதலில் வெட்டுவேன். படத்தைப் பார்க்காமல், பேசுகிறவர்களின் குரலை மட்டும் டைம்லைனில் அடுக்கி, கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்க. வானொலி மாதிரி அது தனியாக நிற்கணும். நின்றால் பாதி வேலை முடிந்தது.

நம்ம ஆட்களுடைய பேச்சை வெட்டும்போது ஒன்று கவனிச்சிருக்கேன். கேமரா முன்னால் நிறுத்தினதும் மேடைத் தமிழ் வந்துவிடும். "இம்முகாமின் வாயிலாக நான் பல நன்மைகளை அடைந்தேன்" என்பாங்க. நேர்காணல் முடிந்து, "சரி, முடிஞ்சது" என்று சொன்ன பிறகு, மைக் இன்னும் ஓடிக்கிட்டு இருக்கும்போது, "முதல் நாள் ராத்திரி எனக்கு வீட்டு ஞாபகம்தான், மறுநாள் கிளம்பவே மனசில்லை" என்று சொல்லியிருப்பாங்க. தங்கம் அங்கேதான் கிடக்கு. கிளிப்பின் கடைசிப் பத்து வினாடியைக் கேட்காமல் ஒதுக்கிடாதீங்க. ஆனால் கேமரா நின்றுவிட்டது என்று நினைத்துப் பேசியது அது. பயன்படுத்தும் முன் அந்தத் தம்பியிடமோ தங்கையிடமோ கேட்டுக்கணும்.

மண்டபத்தில் விசிறியும் குளிர்சாதனமும் சேர்ந்து ஓர் உறுமல் போடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மின்சார உறுமல் 50-லும் அதன் மடங்கான 100-லும் உட்கார்ந்திருக்கும். ஈக்வலைசரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் பெரும்பகுதி போயிடும், பேச்சு கெடாது. 100-இல் இருப்பதைக் குறுகலாகத் தணிக்கலாம்; அகலமாக வெட்டினால் ஆண்குரல் டப்பாவுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி ஆகிடும். சத்த நீக்கியை முழுசாக ஏற்றுவதும் அப்படித்தான். குரல் தண்ணிக்குள்ளே இருந்து வரும். கொஞ்சம் சத்தம் மிஞ்சட்டும், பரவாயில்லை.

பின்னணி இசை குரலைவிட 15 முதல் 20 டெசிபல் கீழே இருக்கட்டும். டெசிபல் நேர்க்கோட்டுக் கணக்கு இல்லை. 6 டெசிபல் குறைத்தாலே அலையின் உயரம் பாதியாகிடும். "இன்னும் ஒரு பொட்டு ஏத்து" என்று யாராவது சொல்லும்போது இதை நினைவில் வையுங்க. வல்லின எழுத்துகளின் தெளிவு ஏறக்குறைய 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில்தான் இருக்கு. இசையில் அந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் தணித்தால், இசை குறைந்த மாதிரியே தெரியாது, ஆனால் பேச்சு மேலே எழுந்து வரும். மொத்த ஒலி அளவை மைனஸ் 14 லஃப்ஸ் பக்கத்தில் வைத்தால் போதும். அதற்குமேல் சத்தமாக வைத்தாலும் யூடியூப் தானாகக் குறைத்துவிடும்.

இன்னொரு சின்ன வித்தை. அடுத்த காட்சியின் ஒலி, படத்துக்கு அரை வினாடி முன்னாலேயே வரட்டும். பிள்ளைகள் கைதட்டும் சத்தம் முதலில், அப்புறம் கைதட்டும் படம். காது முன்னே போனால் கண் தானாகப் பின்னால் வரும், வெட்டு தெரியாது. எடிட்டர்கள் இதை ஜே கட் என்பார்கள். டைம்லைனில் அந்த எழுத்து மாதிரித் தெரிவதால் வந்த பெயர்.

முதல் மூன்று வினாடி

நம்ம காணொலிகள் பெரும்பாலானவை எப்படி ஆரம்பிக்குது? கறுப்புத் திரை. லோகோ சுழன்று வரும். ஒளி மின்னும். 'வழங்கும்' என்று எழுத்து. அப்புறம் குத்துவிளக்கு. அப்புறம் பொன்னாடை. எட்டு வினாடி போயாச்சு, பார்க்கிற தம்பி எப்பவோ அடுத்த காணொலிக்குத் தாவிட்டான்.

லோகோ கடைசியில் வரட்டும். முதலில் ஒரு முகம், ஒரு செயல், அல்லது ஒரு கேள்வி. சேற்றில் கயிறு இழுக்கும் போட்டியில் கயிறு அறுந்து எல்லாரும் விழுகிற அந்த ஒரு வினாடி இருந்தால், அதுதான் முதல் காட்சி. வரிசைப்படி அது இரண்டாம் நாள் மாலை நடந்ததாக இருக்கலாம். இருக்கட்டுமே, காணொலி என்ன நிகழ்ச்சி நிரலா?

இங்கே ஒரு சங்கடம் வரும் என்று எனக்குத் தெரியும். "அண்ணனோட உரை எங்கே?" என்று குழுவில் கேட்பாங்க. வயசில் மூத்தவங்க, முகாமுக்குப் பணம் திரட்டினவங்க, அவங்களை நீக்கிட்டோம் என்ற எண்ணம் வரக்கூடாது. இதற்கு எடிட்டிங்கிலேயே வழி இருக்கு. அவர் மேடையில் பேசும் நாற்பது வினாடியை விட்டுவிட்டு, மாணவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடுற இரண்டு வினாடியைத் தேடிப் பாருங்க. நிச்சயம் இருக்கும். அந்த இரண்டு வினாடி பெற்றோருக்கான காணொலியில் பெரிய வேலை செய்யும். முழு உரையைத் தனியாக வெட்டி வலையொளியில் போட்டு, இணைப்பை அவருக்கே அனுப்பிடுங்க.

எங்கே வெட்டுறது, எங்கே வெட்டக்கூடாது

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் ஒரு சோதனை செய்தார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகம். அதையே ஒரு சூப்புக் கிண்ணத்தோடும், ஒரு சவப்பெட்டியோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் இரண்டாவதில் துக்கத்தையும் கண்டார்கள் என்று சொல்வாங்க. முகம் ஒன்றேதான். பக்கத்தில் என்ன ஒட்டுறோமோ அதுதான் அர்த்தம் ஆகுது.

எடிட்டிங்கின் பலம் முழுக்க இதில்தான் இருக்கு. ஆபத்தும் இதிலேயேதான். தூக்கக் கலக்கத்தில் கண் கசக்கும் ஒரு மாணவியின் கிளிப்பை உருக்கமான உரைக்குப் பக்கத்தில் ஒட்டினால், அவள் அழுகிற மாதிரி ஆகிடும். இசையும் போட்டால் பார்க்கிற எல்லாரும் நம்புவாங்க. அவள் அழவில்லை. அவளுடைய பள்ளி நண்பர்கள் பார்ப்பாங்க, "என்னடி அழுதியாமே" என்று கேட்பாங்க. 25 பேர் வந்த முகாமில், இரண்டு ஆண்டுக்கு முந்தைய பெரிய விழாவின் கூட்டத்தைச் செருகினால் 200 பேர் வந்த மாதிரி இருக்கும். அதை நம்பி ஓர் அம்மா பிள்ளையை அனுப்புவார். அந்தப் பிள்ளை வந்து இறங்கி, "என்ன, இவ்வளவு பேர்தானா?" என்று கேட்கும்போது பதில் சொல்ல எடிட்டர் அங்கே இருக்கமாட்டார், பதிவு மேசையில் உட்கார்ந்திருக்கிற அக்காதான் மாட்டிக்குவார். 25 பேர் என்றால் 25 பேர் முகாமாகவே காட்டலாமே. ஒவ்வொரு பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடுற முகாம் என்று அது தெரியும். பெற்றோருக்கு அதுதான் வேணும்.

நான் வைத்திருக்கிற வழக்கம் இது. ஒருவர் எதிர்வினை காட்டும் கிளிப்பை, அவர் உண்மையில் எதைப் பார்த்து அப்படிச் செய்தாரோ அதோடு மட்டும்தான் ஒட்டுவேன். குறைந்தது அதே நிகழ்ச்சி, அதே அமர்வாக இருக்கணும். போன ஆண்டுக் காட்சி என்றால் மூலையில் ஆண்டைப் போடுவேன். அழகு கொஞ்சம் குறையும்தான்.

எங்கே வெட்டுவது என்பதற்கு வால்ட்டர் மர்ச் சொன்ன ஒரு கணக்கு உதவும். 'அபோகலிப்ஸ் நவ்', 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' படங்களின் எடிட்டர் அவர். ஒரு நல்ல வெட்டுக்கு ஆறு அளவுகோல் வைத்து மதிப்பெண்ணும் கொடுத்தார். உணர்ச்சிக்கு 51 விழுக்காடு, கதைக்கு 23, தாளத்துக்கு 10. பார்வை எங்கே போகுது, திரையில் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் போன்ற மற்ற மூன்றுக்கும் சேர்த்தே 16 தான். அதாவது, முந்தின காட்சியில் தொப்பி இருந்தது, இந்தக் காட்சியில் இல்லை என்பது சின்ன விஷயம். சிரிப்பு முழுசாக விரியும் முன்பே வெட்டிட்டோம் என்பது பெரிய விஷயம். நம்ம குழு விமர்சனத்தில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். தொப்பியைப் பற்றி இருபது செய்தி வரும்.

அசைவின் நடுவில் வெட்டுங்க. ஒருவர் பந்தை வீசக் கையைத் தூக்கும்போது தூரக் காட்சியில் இருந்து, கை கீழே வரும்போது கிட்டக் காட்சிக்கு மாறினால் வெட்டு கண்ணில் படாது. இசையின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வெட்டு என்று போடாதீங்க. முதல் பத்து வினாடி நல்லாயிருக்கும், அப்புறம் தையல் மிஷின் சத்தம் மாதிரி ஆகிடும். நாலு அடிக்கு ஒன்று, இரண்டு அடிக்கு ஒன்று, திடீரென்று ஒரு முகத்தில் மூன்று வினாடி நின்று விடுறது. உறுமி அடிக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

முதல் வெட்டு முடிந்ததும் எத்தனை வினாடி வந்திருக்கோ அதில் மூன்றில் ஒரு பங்கை நீக்க முயற்சி பண்ணுங்க. நீங்க மழையில் நனைந்து எடுத்தது என்பதற்காக ஒரு காட்சி உள்ளே இருக்கக்கூடாது. பார்க்கிறவருக்கு மழை தெரியாது.

தோல் நிறம், மினுக்கும் விளக்கு

நிறத் திருத்தத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்றேன். பல செயலிகளில் 'அழகு' வடிகட்டி தானாகவே போட்டிருக்கும். அது முகத்தை வெளுப்பாக்கும், மூக்கைச் சுருக்கும். முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்க. நம்ம பிள்ளைகளைக் கூப்பிட ஒரு காணொலி செய்து, அதில் நம்ம பிள்ளைகளின் நிறத்தையே மாற்றி வைப்பது என்ன நியாயம்? பார்க்கிற கறுப்பான ஒரு தங்கச்சி அதில் தன்னை எங்கே தேடுவாள்?

இது புதுக் கதை இல்லை. ஃபிலிம் காலத்தில் வண்ணப்படம் கழுவும் கூடங்களில் நிறத்தைச் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்ற படம் ஒன்றை வைத்திருந்தாங்க. பல ஆண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த முகம் நல்லா வந்தால் போதும் என்றுதான் மற்ற எல்லாமும் அமைந்தது. கறுத்த முகங்கள் விவரம் இல்லாமல் இருளில் போயின.

இன்றைக்கு நம் கையில் கருவி இருக்கு. டாவின்சி ரிசால்வில் வெக்டர்ஸ்கோப் திறந்தால் தோலுக்கான கோடு ஒன்றைக் காட்டச் சொல்லலாம். வியப்பு என்னவென்றால், சீனர், மலாய்க்காரர், தமிழர், யாருடைய தோலாக இருந்தாலும் அந்த ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். மாறுவது வெளிச்சமும் செறிவும்தான். ஆகவே முகம் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் கோட்டுக்குக் கொண்டு வாங்க, அவ்வளவு போதும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றதால் முகம் இருண்டிருந்தால், மொத்த வெளிச்சத்தையும் ஏற்றாமல் நடுத்தர வெளிச்சத்தை மட்டும் ஏற்றுங்க. சுவர் வெந்து போகாது, முகத்தில் விவரம் வரும். செறிவையும் அளவோடு ஏற்றணும். சாமந்தி மாலை, குங்குமம், சிவப்புப் பட்டு எல்லாம் ஏற்கனவே உச்சத்தில் இருக்கும். இன்னும் ஏற்றினால் மடிப்பே தெரியாத சிவப்புத் துண்டாகிடும்.

பழைய மண்டபங்களில் எடுத்த கிளிப்பில் வெளிச்சம் மினுக்கிக்கிட்டே இருக்கும். காரணம் இதுதான்: 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்குகள் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும். நீங்க 30 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்காது. 25 ஃபிரேமில் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக நான்கு துடிப்பு, மினுக்கல் நின்றுவிடும். ஐபோனில் 'பால்' வடிவங்களைக் காட்டு என்ற அமைப்பை இயக்கினால் 25 தெரியும். இது அடுத்த முகாமுக்கு. கையில் இருக்கிற 30 ஃபிரேம் கிளிப்புக்கு ஒரு கைவைத்தியம் உண்டு. 100-ஐ 30-ஆல் வகுத்தால் மூன்று ஃபிரேமுக்கு ஒருமுறை மினுக்கல் அதே நிலைக்குத் திரும்பும். அதனால் அந்தக் கிளிப்பையே மூன்று அடுக்காக வையுங்க, ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம் தள்ளி. கீழ் அடுக்கின் ஒளிபுகாமை 100, நடு அடுக்கு 50, மேல் அடுக்கு 33 விழுக்காடு. மூன்று ஃபிரேமின் சராசரி கிடைக்கும், மினுக்கல் பெரும்பாலும் அடங்கிடும். உட்கார்ந்து பேசுகிற காட்சிக்கு மட்டும்தான் இது. ஓடுகிற பிள்ளைக்குப் போட்டால் பேய் மாதிரி மூன்று உருவம் வரும்.

திரையில் தமிழ்

'பெற்றோர்' என்று தட்டினால் கொம்பு தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும், புள்ளி தனியாக மிதக்கும். இப்படி ஒரு காணொலி வெளியே போனால் நாம் தமிழில் கூப்பிடுறோம் என்று சொல்லவே முடியாது. தவறு எழுத்துருவில் இல்லை, மென்பொருள் எழுத்துகளைச் சேர்க்கும் முறையில். அடோபி பிரீமியரில் விருப்பத்தேர்வுகளில் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் போய், எழுத்து இயந்திரத்தைத் தெற்காசியா, மத்தியக் கிழக்கு என்று மாற்றினால் சரியாகிடும். அப்படி மாற்ற வழியில்லாத செயலி என்றால், எழுத்தை வேறு இடத்தில் தட்டி, பின்னணி இல்லாத படமாக எடுத்து ஒட்டுங்க.

எழுத்துருவுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், பல தடிமனில் கிடைக்குது. மேக் கணினி வைத்திருக்கிறவங்களுக்கு இணைமதி ஏற்கனவே உள்ளே இருக்கு. அதைச் செய்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன், முரசு அஞ்சல் தந்தவர். தமிழுக்கு மேலும் கீழும் இடம் வேணும். ஆங்கிலத்துக்குப் போடுற வரி இடைவெளியை அப்படியே விட்டால் மேல் வரி உகரத்தின் வாலும் கீழ் வரி இகரத்தின் சுழியும் முட்டிக்கும்.

ஒரு வரி திரையில் எவ்வளவு நேரம் நிற்கணும்? வாய்விட்டு இரண்டு தடவை வாசிங்க. அதுதான் நேரம். நீங்க வேகமாக வாசிப்பீங்க, ஆனால் தேசியப்பள்ளியில் படித்து, தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்கிற தம்பியும் நம்ம ஆள்தான். தேதியும் இடமும் பதிவு இணைப்பும் கடைசியில் ஐந்து வினாடியாவது அசையாமல் நிற்கட்டும். நிமிர்ந்த காணொலியில் கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்கள் மூடிக்கும், அங்கே எதையும் எழுதாதீங்க. எழுத்துப் பிழை பார்க்க ஒரு தமிழாசிரியருக்கு அனுப்புங்க. அவங்க மகிழ்ச்சியோடு செய்வாங்க, கூடவே ஒற்றுப்பிழை பற்றி ஒரு பாடமும் இலவசம்.

இசை, கடைசிச் சோதனை

சினிமாப் பாட்டு வேண்டாம். மலேசியாவில் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சிங்கப்பூரில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், அதெல்லாம் ஒரு பக்கம். பதிவேற்றின மறுநிமிடமே தளம் அடையாளம் கண்டு ஒலியை அடைத்துவிடலாம் என்பது இன்னொரு பக்கம். தேவாரம் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழசு, அதுக்கு யார் உரிமை கேட்பாங்க என்று நினைக்கலாம். பாடலுக்கு இல்லை, ஆனால் ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலிநாடாவுக்கு உரிமை உண்டு. யூடியூப் ஒலி நூலகத்தில் இலவச இசை இருக்கு. அதைவிட நல்லது, நம்ம குழுவில் மிருதங்கமோ புல்லாங்குழலோ படிக்கிற ஒரு தங்கையை உட்கார வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்வது. முடிந்தவரை இதைத்தான் பண்ணுங்க.

முடித்த காணொலியை ஒலி இல்லாமல் ஒருமுறை, வெயிலில் நின்று ஒருமுறை, விலை குறைந்த ஒரு கைப்பேசியில் ஒருமுறை பாருங்க. அப்புறம் இந்த முகாமைப் பற்றி எதுவும் தெரியாத ஓர் அம்மாவிடம் கொடுங்க. விளக்கம் சொல்லாதீங்க. அவர் பார்க்கும்போது திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்க. கண் எங்கே விலகுதோ அந்த வினாடியைக் குறிங்க. முடிந்ததும் "நல்லாயிருக்கா?" என்று கேட்காதீங்க, நல்லாயிருக்கு என்றுதான் சொல்வார். "எப்போ முகாம்? பொண்ணுங்க எங்கே தங்குவாங்க?" என்று கேளுங்க. பதில் வரவில்லை என்றால் காணொலியில் அது இல்லை.

குழுவின் கருத்தெல்லாம் ஒருத்தர் மூலமாக, நிமிடம் வினாடி குறித்து, இரண்டே சுற்றில் வரட்டும். புலனத்தில் பதினொரு பேர் தனித்தனியாகச் சொல்ல ஆரம்பித்தால் கோப்பின் பெயர் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று போய்க்கிட்டே இருக்கும்.

ஏற்றுமதிக்கு எச்.264, 1080 அளவு, வினாடிக்கு 8 மெகாபிட் போதும். எட்டு மெகாபிட் என்றால் ஒரு மெகாபைட், ஆக 60 வினாடிக்கு 60 மெகாபைட். இருட்டில் எடுத்த காட்சியில் பொடிப்பொடியாகப் புள்ளி இருந்தால் அதைக் கொஞ்சம் மழுக்கிய பிறகு ஏற்றுமதி பண்ணுங்க. அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறுவதால் கோப்பின் இடத்தை அதுவே தின்றுவிடும், முகத்துக்கு மிஞ்சாது.

பதிவேற்றும் முன் ஒரு வேலை பாக்கி. காணொலியில் முகம் தெளிவாகத் தெரியும் ஒவ்வொரு மாணவரையும் பட்டியல் போடுங்க. 18 வயசுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் இருக்கா என்று பாருங்க. படம் எடுக்கும்போது வாங்கின சம்மதம் பொதுவானது; எந்தக் காட்சி, எந்த வரிக்குப் பக்கத்தில் வந்திருக்கு என்று அவங்களுக்குத் தெரியாது. அதனால் முடித்த காணொலியையே அவங்களுக்கு அனுப்பி, இரண்டு நாள் அவகாசம் கொடுங்க. யாராவது "இந்த இடம் வேண்டாமே" என்றால் காரணம் கேட்க வேண்டாம். நீக்கிட்டு, மாற்றுக் காட்சி போட்டு, மறுபடி ஏற்றுமதி பண்ணுங்க. அந்த மாற்றுக் காட்சிக்காகத்தான் நீக்கின கிளிப்புகளை அழிக்காமல் தனிக் கோப்புறையில் வைத்திருக்கணும்.